ஸ்பெயினுக்குப் புதுசா வந்திருக்கீங்களா? கதவில் ஒட்டியிருப்பதிலிருந்து ஆரம்பிங்க

மாட்ரிட், பார்சலோனா, வலென்சியா, எங்கே வந்து இறங்கியிருந்தாலும் கடைக் கதவில் ‘எம்பூஹே’, ‘தீரே’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. தள்ளுங்க, இழுங்க. இரண்டாவதை (எழுத்தில் tire) இங்கிலீஷில் வாசித்துவிட்டு டயர் கடை என்று நினைச்சுடாதீங்க.

இப்படி ‘செய்’, ‘செய்யுங்க’ என்று சொல்வது ஸ்பானிஷில் எப்படி என்று பார்ப்போம். அகராதியில் வினைச்சொல் எல்லாம் ஆர், ஏர், ஈர் என்ற மூன்றில் ஒன்றில்தான் முடியும். ‘நீ’ போட்டுப் பேசும் ஆளிடம் (அதாவது ‘தூ’) சொல்ல, கடைசி ‘ர்’ போனால் போதும். எஸ்பெரார், எஸ்பேரா: இரு. கோமேர், கோமே: சாப்பிடு. ஈர் வினையில் மட்டும் ஈ ஏ ஆகிவிடும். ஆப்ரீர், ஆப்ரே: திற.

‘நீங்க’ என்றால் (‘உஸ்தேத்’) கடைசி உயிர் தலைகீழ். ஆர் வினைக்கு ஏ, மற்ற இரண்டுக்கும் ஆ. எஸ்பேரே, கோமா, ஆப்ரா. டாக்டர் குழந்தையிடம் ‘ஆப்ரே லா போகா’ என்பார், பாட்டியிடம் ‘ஆப்ரா லா போகா’. வாயைத் திற, திறங்க. நம்ம ‘ங்க’ காதில் தெளிவா விழும். இங்கே மரியாதை முழுக்க ஒரே உயிரெழுத்தில். அதுவும் ஆ என்று முடிந்தாலே மரியாதை என்று சொல்ல முடியாது. எஸ்பேரா ‘நீ’, ஆப்ரா ‘நீங்க’. அதனால வினையைப் படிக்கும்போதே ஆரா, ஏரா, ஈரா என்று சேர்த்து மனப்பாடம் பண்ணிடுங்க.

என் யோசனை: ‘உஸ்தேத்’ வடிவத்தைக் காதுக்கும் கண்ணுக்கும் பழக்குங்க, ‘தூ’ வடிவத்தை வாய்க்கு. முகவரி பதிய நகராட்சிக்குப் போனால் ‘பாஸே’ (உள்ளே வாங்க), ‘ஃபிர்மே அகீ’ (இங்கே கையெழுத்து போடுங்க) என்பார்கள். ஏடிஎம் திரையில் ‘ரெத்தீரே சு தார்ஹேத்தா’, கார்டை எடுங்க. ஆனால் கடையிலும் வேலையிடத்திலும் பெரும்பாலும் ‘தூ’தான். ‘மீரா’ (பாரு), ‘எஸ்குச்சா’ (கேளு) என்று நாள் முழுக்கச் சொல்வார்கள், அதட்டுவதாக எடுத்துக்காதீங்க. வயசானவர்களிடம் மட்டும் ‘உஸ்தேத்’ போடுவது நல்லது. பாரில் காசு கொடுக்க ‘கோப்ராமே குவாந்தோ புவேதாஸ்’ என்றால் போதும்: முடியும்போது பணத்தை வாங்கிக்க. கடைசியில் ஒட்டியிருக்கும் ‘மே’தான் ‘என்னிடம்’. இதை மரியாதைக் குறைவு என்று யாரும் நினைப்பதில்லை.

பிள்ளைகள் பள்ளியில் ‘எஸ்குச்சாத்’ என்று கேட்டால் அது பலரைப் பார்த்துச் சொல்வது. ‘ர்’ போய் ‘த்’ வரும். பேச்சில் பலர் ‘எஸ்குச்சார்’ என்றே விட்டுவிடுவார்கள். மெக்ஸிகோ, பெரு பக்கம் போகிறவர்களுக்கு இது தேவையே இல்லை. அங்கே பலரிடம் சொல்ல, அவர்கள் யாரானாலும் ‘எஸ்குச்சென்’தான்.

‘செய்யாதே’ என்பதற்கு முன்னால் ‘நோ’ போட்டால் மட்டும் ஆகாது, முடிவும் மாறும்: நோ எஸ்பேரெஸ். அதைப் பிறகு பார்த்துக்கலாம். ‘வென்’ (வா), ‘போன்’ (வை) மாதிரி ‘தூ’வில் முறைக்கு அடங்காதவை 8 தான். பஸ்ஸில் போகும்போதே படிச்சுடலாம்.