ஜைரோவை நிறுத்தினால் ஜிம் மெம்பர்ஷிப் நின்றுவிடுமா? 828 வெள்ளி கேட்டு வசூல் கடிதம்

இரவுப்பணி

சிங்கப்பூரில் ஜூரோங் ஈஸ்ட் பக்கம் ஒரு ஜிம்மில் 2024 ஏப்ரலில் சேர்ந்தேன். மாதம் 98 வெள்ளி, ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும். ஒப்பந்தம் 12 மாதம். அதற்குப் பிறகு நாமாக நிறுத்தும்வரை மாதாமாதம் ஓடும்.

2025 மார்ச் 10, இரவு ஷிஃப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு நேரே கவுண்டருக்குப் போனேன். பொங்கோலுக்கு வீடு மாறுகிறோம், இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். அங்கிருந்த பெண் ஒரு மஞ்சள் ஒட்டுச் சீட்டில் என் பெயரையும் மெம்பர் நம்பரையும் எழுதி, கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டினார். "ஓகே, மேனேஜரிடம் சொல்லிவிடுகிறேன்." அவ்வளவுதான்.

ஏப்ரலிலும் பணம் போனது, மே மாதமும் போனது. ஜூன் 3 அன்று வங்கிச் செயலியில் ஜைரோவை ரத்து செய்தேன். ஜூன் 5 அன்று அவர்கள் வாட்ஸாப்புக்கு "மார்ச்சிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன், இனி என் பெயரில் கட்டணம் போடாதீர்கள்" என்று அனுப்பினேன். நீல டிக் இரண்டும் விழுந்தது, பதில் மட்டும் இல்லை.

இப்போது டிசம்பரில் வசூல் நிறுவனத்திடமிருந்து கடிதம். ஜூன் முதல் நவம்பர் வரை 588, தாமதக் கட்டணம் 90, நிர்வாகக் கட்டணம் 150, ஆக 828 வெள்ளி. மார்ச்சுக்குப் பிறகு நான் அந்த வாசலை மிதிக்கவே இல்லை. கட்டத்தான் வேண்டுமா?

சும்மா_விடாதே

ஒரு காசு கட்டாதீர்கள் அண்ணே. சேரும்போது மட்டும் கையைப் பிடித்து இழுத்துப்போய் டேப்லெட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள், விலகும்போது மட்டும் ஃபாரம், ஈமெயில், மேனேஜர் லீவு! 2016-இல் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் இங்கே கடையை மூடியபோது முன்பணம் கட்டியவர்கள் எப்படி அலைந்தார்கள் என்று நினைவில்லையா? கடிதத்தைக் குப்பையில் போடுங்கள்.

கறார்_கணக்கு

குப்பையில் போட்டால் கடிதம்தான் போகும், கடன் போகாது. தம்பி, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். ஜைரோ என்பது பணம் போகும் வழி. வழியை அடைத்தீர்கள், ஒப்பந்தத்தை நிறுத்தவில்லை. வாடகை வீட்டுக்கு வங்கியில் பணம் போவதை நிறுத்திவிட்டால் வீட்டைக் காலி செய்ததாகுமா? "மிதிக்கவே இல்லை" என்பதும் செல்லாது. கல்யாண மண்டபத்தை எடுத்துவிட்டுக் கல்யாணம் வைக்காமல் இருந்தாலும் மண்டபக் காசு மண்டபக் காசுதான். ஒப்பந்தத்தில் ரத்து பற்றி என்ன எழுதியிருக்கிறது? முதலில் அதைப் போடுங்கள்.

இரவுப்பணி

தேடி எடுத்தேன். "30 நாள் முன்னறிவிப்பு, எழுத்து மூலம்" என்றிருக்கிறது. ஃபாரத்திலா ஈமெயிலிலா என்று ஒன்றும் இல்லை.

கறார்_கணக்கு

அப்படியானால் மார்ச் 10 கணக்கில் வராது. வாயால் சொன்னீர்கள்.

சும்மா_விடாதே

எழுதினார்களே! அந்தப் பெண் மஞ்சள் சீட்டில் எழுதியது எழுத்தில்லையா?

கறார்_கணக்கு

எழுதியது அவர், நீங்கள் இல்லை. சீட்டும் அவர்களிடம். அதைப் படம்கூட எடுக்கவில்லை.

பழைய_ட்ரெய்னர்

கவுண்டர் பக்கம் நின்று பார்த்தவன் சொல்கிறேன். ஊரில் எல்லா ஜிம்மும் இப்படி என்று சொல்ல மாட்டேன், நான் வேலை செய்த இடம் இப்படி. புதிதாக ஒருவரைச் சேர்த்தால் கமிஷன் உண்டு. ஒருவரை ரத்து செய்தால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது, மாத இலக்கில்தான் ஒன்று குறையும். அதனால் அந்தச் சீட்டு ஒருவர் ஷிஃப்டிலிருந்து இன்னொருவர் ஷிஃப்டுக்குப் போகவே போகாது. ஏர்கான் காற்றில் பசை காய்ந்து கீழே விழும், ராத்திரி கூட்டுகிற ஆன்டி எடுத்துப் போட்டுவிடுவார். அந்தப் பெண் பொய் சொல்லியிருக்க மாட்டார், மறந்திருப்பார்.

ஒன்று செய்யலாம். உங்கள் கணக்கில் உள்ள குறிப்புகளையும் கார்டு தட்டிய பதிவையும் ஈமெயிலில் கேளுங்கள். "நிறுத்த விரும்புகிறார்" என்று மார்ச்சில் யாராவது ஒரு வரி தட்டியிருந்தால் பேச்சே மாறிவிடும்.

செங்காங்_அக்கா

இரண்டு பேரும் முழுத் தொகை, இல்லையென்றால் சுழியம் என்றே அடித்துக்கொள்கிறீர்கள். ஜூன் 5 வாட்ஸாப்பை ஏன் யாரும் பார்க்கவில்லை? அது எழுத்துதானே. படித்திருக்கிறார்கள் என்பதற்கு நீல டிக் இருக்கிறது. அன்றிலிருந்து 30 நாள் என்றால் ஜூலை 5. மிஞ்சி மிஞ்சிப் போனால் ஜூன், ஜூலை இரண்டு மாதம், 196 வெள்ளி. ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை எதற்குக் கட்ட வேண்டும்?

கறார்_கணக்கு

அக்கா சொல்வது நியாயம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செய்தி "மார்ச்சிலேயே சொன்னேன்" என்று சண்டையாகத்தான் இருக்கிறது. இதை நோட்டீஸ் என்று நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்று ஜிம் வாதாடும்.

செங்காங்_அக்கா

"இனி கட்டணம் போடாதீர்கள்" என்பதை வேறு எப்படி எடுத்துக்கொள்வார்களாம்? இந்த மாதிரிச் சிறு தொகைத் தகராறு போகிற சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர்கள் கிடையாது, சாட்சிய விதிகளும் மன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நடுவர் வாட்ஸாப்பைப் பார்ப்பார்.

சும்மா_விடாதே

அக்கா, இன்னொரு கணக்கு பாருங்கள். மார்ச் 10 செல்லும் என்றால் ஏப்ரல் 9-க்கே முடிந்துவிட்டது. அப்போது ஏப்ரல், மே என்று எடுத்த 196 வெள்ளியை ஜிம்தான் திருப்பித் தர வேண்டும்! 5,000 வெள்ளிக்குள் பயனீட்டாளர் வழக்கு என்றால் அந்த மன்றத்தில் மனுவுக்கு 10 வெள்ளிதான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நேரமிருக்கிறது. போடுங்கள்.

கறார்_கணக்கு

ஏப்ரலை அவர்கள் விட மாட்டார்கள். ஒன்பது நாள் ஓடிவிட்டதே.

சும்மா_விடாதே

மே மாதத்து 98 வெள்ளியாவது வரட்டும்.

இரவுப்பணி

90-க்கும் 150-க்கும் என்ன செய்வது? வீட்டுக் கடன் எடுக்கும் நேரம் வேறு, பெயர் கெட்டுவிடுமோ என்று மனைவி தூங்கவில்லை.

கறார்_கணக்கு

இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம். மாதக் கட்டணம் வேறு, மீறலுக்குப் போடும் தண்டம் வேறு. 2020-இல் டென்கா அட்வான்டெக் எதிர் செராயா எனர்ஜி வழக்கில் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய அளவுகோலையே வைத்துக்கொண்டது. மீறினால் இவ்வளவு என்று எழுதும் தொகை, உண்மையாக முன்கூட்டி மதிப்பிட்ட நட்டமாக இருக்க வேண்டும், மிரட்டலாக இருக்கக் கூடாது. அதற்கும் முன்னால், அந்த 150 ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எந்த அடிப்படையில் கேட்கிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள்.

செங்காங்_அக்கா

வங்கி கடன் தருமுன் பார்க்கும் கிரெடிட் பீரோ அறிக்கையில் வருவது வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் கணக்கு. ஜிம் பில் அதில் போய் உட்காராது. வழக்காகித் தீர்ப்பு வந்தால் கதை வேறு, அதனால்தான் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன். வசூல்காரர்களைப் பார்த்தும் பயப்படாதீர்கள். 2023 மார்ச் 31 முதல் கடன் வசூல் சட்டம் நடப்பில் இருக்கிறது, காவல்துறை உரிமம் வேண்டும். வாசலில் நின்று கத்த முடியாது, நீதிமன்ற உத்தரவில்லாமல் வீட்டுச் சாமானைத் தொடவும் முடியாது. உரிம எண்ணைக் கேளுங்கள், பாதிப் பேர் குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

ஜிம்முக்கும் வசூல் நிறுவனத்துக்கும் ஒரே ஈமெயிலை அனுப்புங்கள், வாட்ஸாப் படத்தோடு. மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள்.

சும்மா_விடாதே

ஜூன், ஜூலை 196-ஐக் கொடுத்துவிடச் சொல்கிறீர்களா? நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பழைய_ட்ரெய்னர்

நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம் ப்ரோ, கடிதம் அவர் பெயருக்கு வந்திருக்கிறது.

இதற்கு நடுவில் ஒரு விஷயம்: அரசாங்கத்தின் ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்மில் ஒரு தடவைக்கு 2.50 வெள்ளி. போகாத மாதத்துக்குக் காசு கேட்க மாட்டார்கள். டம்பெல் கிடைக்கக் கொஞ்சம் வரிசையில் நிற்க வேண்டும்.

இரவுப்பணி

இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: "2025 மார்ச் 10 அன்று கிளையில் நேரில் தெரிவித்தேன். ஜூன் 3 அன்று எழுத்து மூலமும் உறுதி செய்தேன். 30 நாளுக்குப் பிறகான கட்டணங்களையும் தாமத, நிர்வாகக் கட்டணங்களையும் மறுக்கிறேன். மார்ச் மாதக் குறிப்புகளைத் தந்தபின் மீதியைப் பேசலாம்."

கறார்_கணக்கு

நன்றாக இருக்கிறது. ஜூன் 3-ஐ ஜூன் 5 என்று மாற்றுங்கள். 3 நீங்கள் ஜைரோவை நிறுத்திய நாள்.