காரு, பஸ்ஸு, பாலு: கடைசியில் இந்த உகரம் எதற்கு?

கரும்பலகை:
என் வகுப்பில் பாதிப் பேர் விடைத்தாளில் 'பல்லு', 'காலு' என்றே எழுதுகிறார்கள். பல், கால், பால் என்று ஒழுங்காக முடியும் சொல்லின் வாலில் ஓர் 'உ' எதற்கு? வெறும் நாக்குச் சோம்பல். இப்போதே கிள்ளாவிட்டால் நாளை பாடநூலிலும் ஏறிவிடும்.

ஓலைச்சுவடி:
சோம்பேறி ஒலியை விழுங்குவான் ஐயா, கூட்டியா சொல்வான்? தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. சொல்லின் இறுதியில் வரத் தொல்காப்பியம் இடம் கொடுக்கும் மெய்கள் 11. அதில் க், ச், ட், த், ப், ற் கிடையாது. வடமொழி 'வாக்' வாக்கு ஆனதும் ஆங்கில 'ரோட்' ரோடு ஆனதும் அதனால்தான். நீங்களும் ரோடு என்றுதானே எழுதுகிறீர்கள்?

கரும்பலகை:
வல்லினத்துக்குச் சரி. ல், ள், ண், ர் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றனவே! பால் ஏன் பாலு ஆக வேண்டும்? இலக்கணத்தைத் துணைக்குக் கூப்பிட்டால் முழுசாகக் கூப்பிடுங்கள்.

தெருப்பேச்சு:
வாய்க்கு வேறு கணக்கு, சார். கல், பல், முள் தனிக்குறில். மெய் இரட்டித்துக் கல்லு, பல்லு, முள்ளு. கால், தேள், மீன் நெடில். இரட்டிக்காமல் காலு, தேளு, மீனு. 'கால்லு' என்று எந்தப் பாட்டியாவது சொல்லிக் கேட்டதுண்டா? நேற்று வந்த சொல்லுக்கும் அதே கதைதான்: பஸ்ஸு, ஆனால் காரு. யகரத்தில் முடிந்தால் உகரத்துக்குப் பதில் இகரம்: நாயி, பேயி, நெய்யி. இன்னொன்று, 'காலு வலிக்குது' என்பவரே 'கால்ல முள்ளு குத்திருச்சு' என்பார். உருபு வந்ததும் உகரம் கழன்றுவிடுகிறது. இதைப் போய்க் கொச்சை என்றால் எப்படி?

ஓலைச்சுவடி:
பழங்கன்னடத்தில் பால், கால், கண் என்றே இருந்தன. இன்று ஹாலு, காலு, கண்ணு. அங்கே பாடநூலில் இருப்பதே அதுதான்.

கரும்பலகை:
அவர்கள் செய்தால் நாமும் செய்ய வேண்டுமா? பேசுங்கள், யார் தடுத்தது? விடைத்தாளில் வந்தால் சுழிப்பேன். அவ்வளவு ஒழுங்கான விதி என்றால் மரம், பணம் ஏன் மரமு, பணமு ஆகவில்லை?

தெருப்பேச்சு:
ம் முழுசாக நின்றால்தானே ஒட்டுவதற்கு! பேச்சில் மரம், பணம் இரண்டிலும் கடைசி ம் கரைந்து, முந்தைய உயிர் மூக்கொலியாகிவிடுகிறது. சொல் ஏற்கெனவே உயிரில் முடிந்தாயிற்று, உகரத்துக்கு வேலையில்லை. 'நான்' பலர் வாயில் அப்படித்தான் கரைகிறது. 'நானு' என்பவர்களும் உண்டு, கவனித்துப் பாருங்கள்: அவர்களுக்கு ன் கரைவதில்லை.