குடவோலைக் கல்வெட்டும் சின்னவளின் வீட்டுப்பாடமும்

நான்: பெரியக்கா, சின்னவளுக்கு வீட்டுப்பாடம். முதன்மைச் சான்று எது, இரண்டாம் நிலைச் சான்று எது என்று எடுத்துக்காட்டுடன் எழுத வேண்டுமாம். பழையதெல்லாம் முதன்மை என்று எழுதி வைத்திருக்கிறாள். சரியா?

பெரியக்கா: இல்லை. வயதை வைத்துப் பிரிக்கக் கூடாது. நடந்த காலத்தில், அதில் சம்பந்தப்பட்டவர்களே விட்டுச் சென்றதா என்று கேட்கச் சொல். சோழர் காலத்தில் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தார்களே, அந்தக் குடவோலைப் பாடம் ஆகிவிட்டதா?

நான்: போன மாதமே ஆகிவிட்டது.

பெரியக்கா: அப்போ அதையே எடு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 921-இல் ஊர்ச்சபையார் அரசாணைப்படி எடுத்த முடிவை வெட்டி வைத்திருக்கிறார்கள். அது முதன்மை. அதைப் படித்துவிட்டு நம் காலத்தில் எழுதிய பாடம் இரண்டாம் நிலை.

அப்பா: குடவோலைதான் உலகின் முதல் மக்களாட்சி என்று போன வாரம் நான் அனுப்பிய செய்தி?

பெரியக்கா: அதில் எங்கிருந்து எடுத்தது என்றே இல்லை, அப்பா. அதைக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாரியத்துக்கு, அதாவது ஊர்ச்சபையின் குழுவுக்கு, வருபவருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு), நன்கு கற்றவர் என்றால் அதில் பாதியான அரைக்கால் வேலி போதும். சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமே கிடையாது. பிராமணர் ஊரின் சபை அது, எல்லா மக்களுக்குமான தேர்தல் இல்லை. இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். நாம் வரையறையை மனப்பாடம் செய்ய வைத்தால் இந்தச் சந்தோஷம் போய்விடும்.

தம்பி: கல்வெட்டுத் தமிழ் அவளுக்குப் புரியுமா அக்கா?

பெரியக்கா: முழுதும் புரியாது. அச்சில் வந்த வாசகம் இருக்கிறது, நாலு வரி மட்டும் சேர்ந்து படியுங்கள்.

தம்பி: அப்போ பாடப்புத்தகம் எப்போதும் இரண்டாம் நிலைதானா?

பெரியக்கா: சோழரைப் பற்றிக் கேட்டால் ஆமாம். இந்தக் காலத்துப் பள்ளியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று பின்னால் ஒருவர் தேடினால், அவருக்கு அதே புத்தகம் முதன்மை.

நான்: குடத்திலிருந்து ஓலை எடுத்த பையன் பெயர் கல்லில் இருக்கிறதா என்று கேட்கிறாள்.

பெரியக்கா: அருமையான கேள்வி! ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்க வேண்டும் என்ற விதிதான் இருக்கிறது, பெயர் இல்லை. விதிப்படியே ஒவ்வோர் ஆண்டும் நடந்ததா என்பதற்கு வேறு சான்று வேண்டும். இதையும் விடையில் எழுதச் சொல்.