டாஸ் பெட்டியில் சத்தம் வரலையா? சவுண்ட் பிளாஸ்டர் 16 பழுது பார்த்த அனுபவங்கள்

பழையபெட்டி:
486, முதல் பென்டியம் காலத்துப் பெட்டியில் "சத்தமே வரலை" என்று யாராவது சொன்னால், சவுண்ட் பிளாஸ்டர் 16 (எஸ்பி16) என்ற சவுண்ட் கார்டைக் கழற்றும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். பாட்டு வரலையா, வெடிச்சத்தம் வரலையா, இரண்டுமே வரலையா?

ஒரே கார்டில் இரண்டு தனி வழிகள் இருக்கின்றன. கேமின் பின்னணி இசை பெரும்பாலும் ஓபிஎல் என்ற சிப் தானே உருவாக்கித் தரும் எஃப்எம் இசை. அதற்கு 388 என்ற முகவரி (கார்டோடு புரோகிராம் பேசும் வாசல் எண்) மட்டும் போதும், ஐஆர்க்யூ (கார்டு பிராசசரைக் கூப்பிட அடிக்கும் மணி), டிஎம்ஏ (பிராசசரைத் தொடாமல் மெமரியிலிருந்து கார்டுக்குத் தரவு போகும் வழி) எதுவும் தேவையில்லை. பேச்சு, துப்பாக்கி, வெடி எல்லாம் டிஎஸ்பி (பதிவுசெய்த டிஜிட்டல் சத்தத்தைக் கையாளும் சிப்) வழியாக வரும். அதற்கு 220 முகவரி, ஐஆர்க்யூ, டிஎம்ஏ மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

பாட்டு கேட்கிறது, வெடி இல்லை என்றால் கார்டு உயிரோடுதான் இருக்கிறது, செட்டிங்கைப் பாருங்கள். வெடி கேட்கிறது, பாட்டு இல்லை என்றால் ஓபிஎல் பக்கம். இரண்டுமே இல்லை என்றால் மிக்சர் (ஒவ்வொரு சத்தத்தின் அளவையும் கூட்டிக் குறைக்கும் பகுதி), ஆம்ப், வயர், பவர். இந்த ஒரு கேள்வி கேட்காமல் கெப்பாசிட்டர் மாற்ற உட்காருகிறவர்கள்தான் அதிகம்.

டாஸ்வாசி:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேம், டிரைவர் எதுவும் இல்லாமல், டாஸோடு வரும் டிபக் புரோகிராமை வைத்தே டிஎஸ்பி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். ஓ என்றால் எழுது, ஐ என்றால் படி. எண்கள் எல்லாம் ஹெக்ஸ். வெறும் டாஸில் செய்யுங்கள், விண்டோஸ் உள்ளே வேண்டாம்.

ஓ 226 1
ஓ 226 0
ஐ 22ஏ

ஏஏ என்று பதில் வந்தால் டிஎஸ்பி ரீசெட் ஆகிப் பேசுகிறது. எஃப்எஃப் வந்தால் அந்த முகவரியில் கார்டே இல்லை. ஜம்பர் (கார்டில் செட்டிங்கை மாற்றும் சின்னச் செருகி) 240-ல் இருக்கலாம், அல்லது அது பிளக் அண்ட் பிளே (ஜம்பருக்குப் பதில் சாஃப்ட்வேரே செட் செய்யும்) கார்டாக இருக்கலாம். பிளக் அண்ட் பிளே மாடல்கள் வெறும் டாஸில் தூங்கிக்கொண்டே இருக்கும், கார்டோடு வரும் சிடிசிஎம் என்ற புரோகிராம் ஓடி எழுப்பிய பிறகுதான் 220-ல் தலை காட்டும். "கார்டு செத்துப்போச்சு" என்று ஒதுக்கப்படுபவற்றில் இந்த ரகம் நிறைய.

அடுத்து ஓ 22சி இ1, பிறகு ஐ 22ஏ இரண்டு தடவை. முதல் பதில் வெர்ஷனின் முன் எண். 4 என்றால் எஸ்பி16, 3 என்றால் அதற்கு முந்தைய சவுண்ட் பிளாஸ்டர் புரோ. எஸ்பி16 என்று சொல்லி விற்ற குளோன் கார்டு இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஓபிஎல் பக்கம், அதே ஓ கட்டளையால் எழுதுங்கள்: 388-ல் 4, 389-ல் 60, மறுபடி 388-ல் 4, 389-ல் 80. பிறகு 388-ல் 2, 389-ல் எஃப்எஃப், 388-ல் 4, 389-ல் 21. இப்போது ஐ 388 கொடுத்தால், ஓபிஎல்3 என்றால் சி0, ஓபிஎல்2 என்றால் சி6 வர வேண்டும். சிப்பின் டைமர் ஓடி முடிந்ததற்கான அடையாளம் அது. பதில் சரியாக வந்தும் பாட்டு இல்லை என்றால், ஓபிஎல் பக்கத்தில் இருக்கும் சின்ன டிஏசி சிப் (டிஜிட்டலை அனலாக் சத்தமாக்குவது), அதற்கப்புறம் வரும் ஆம்ப் என்று போங்கள்.

பதில் சரி, ஆனால் ஒரு பழைய கேமில் மட்டும் பாட்டு இல்லையா? கார்டைத் திட்டாதீர்கள். பழைய கேம்கள் சில வெறும் லூப் ஓட்டித்தான் காத்திருப்பு நேரத்தை அளக்கும். பென்டியத்தில் அந்த லூப் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்து, "ஆட்லிப் இல்லை" (அதாவது ஓபிஎல் இசை இல்லை) என்று முடிவு கட்டிவிடும். பயாஸில் கேஷை (பிராசசரின் வேக நினைவகத்தை) ஆஃப் செய்து, வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள்.

ஜம்பர்மன்னன்:
செட்டிங் விஷயத்துக்கு வருகிறேன், தகராறு அதிகம் இங்கேதான். டாஸ் தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் இருக்க வேண்டிய வரி:

செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1 எச்5 பி330 டீ6

ஏ முகவரி, ஐ ஐஆர்க்யூ, டி 8-பிட் டிஎம்ஏ, எச் 16-பிட் டிஎம்ஏ, பி மிடி போர்ட், கடைசி டீ கார்டின் ரகம் (6 என்றால் எஸ்பி16). இந்த வரி கார்டை மாற்றாது, கார்டு எப்படி இருக்கிறது என்று கேமுக்குச் சொல்லும், அவ்வளவுதான். ஜம்பர் 7-ல், வரியில் 5 என்றால் குட்டு உடையும்.

எது தப்பு என்று காதாலேயே சொல்லலாம். வெடிச்சத்தம் முதல் துண்டு மட்டும் கேட்டு நின்றுவிடுகிறதா, இல்லை "டட் டட் டட்" என்று அதே துண்டு திரும்பத் திரும்ப வருகிறதா? ஐஆர்க்யூ தப்பு. டிஎம்ஏ ஒரு பிளாக்கை அனுப்பி முடித்ததும் கார்டு ஐஆர்க்யூ அடித்து "அடுத்தது கொடு" என்று கேட்கும். கேம் வேறு வாசலில் காத்திருந்தால் அடுத்த துண்டு வரவே வராது. துளிகூட சத்தம் இல்லாமல் அப்படியே ஹேங் ஆனால் டிஎம்ஏ மேல் சந்தேகப்படுங்கள்.

முட்டுகிற ஆட்கள் தெரிந்தவர்கள்தான். எல்பிடி1 பிரின்டர் போர்ட் ஐஆர்க்யூ 7, எல்பிடி2 ஐஆர்க்யூ 5. பிரின்டர் போர்ட் இசிபி என்ற வேக மோடில் இருந்தால் டிஎம்ஏவையும் பிடிக்கும். பயாஸில் அதை 3-க்குத் தள்ளுங்கள், அல்லது இசிபியே வேண்டாம் என்று சாதாரண எஸ்பிபி மோடு ஆக்குங்கள். பிசிஐ என்ற புது ரக ஸ்லாட்டும் உள்ள போர்டில், பயாஸின் பிளக் அண்ட் பிளே பக்கத்தில் ஐஆர்க்யூ 5-ஐயும் டிஎம்ஏ 1-ஐயும் லெகசி ஐஎஸ்ஏ (பழைய ரக ஸ்லாட் கார்டுக்கு) என்று ஒதுக்கிவையுங்கள். இல்லாவிட்டால் புதிதாகச் செருகிய நெட்வொர்க் கார்டு 5-ஐ எடுத்துக்கொண்டு போய்விடும்.

8-பிட் சத்தம் நன்றாக இருந்து 16-பிட் மட்டும் இல்லையென்றால் எச்5-ஐப் பாருங்கள். ஸ்லாட்டின் பின்பகுதி, அந்தச் சின்ன நீட்டிப்பு, அழுக்காக இருந்தாலும் இதே கதைதான்.

பழையபெட்டி:
அழுக்கு என்றதும் ஞாபகம் வந்தது. ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் பி23 ஐஆர்க்யூ 5, பி21 ஐஆர்க்யூ 7, பி18 டிஎம்ஏ 1 கேட்கும் கால். அந்தக் காலைத் தொடும் கார்டின் ஒரு விரலில் (தகட்டில்) பச்சை படிந்தால் மற்றதெல்லாம் சரியாக ஓடும், கார்டு அடையாளமும் காட்டும், டிஜிட்டல் சத்தம் மட்டும் இருக்காது. ஐசோபுரோபில் ஆல்கஹால், பஞ்சு போதும். அழிரப்பர் தேய்த்தால் துகளை முழுக்கத் துடைத்துவிட்டுச் செருகுங்கள்.

மல்டிமீட்டர்:
டிபக்கில் எல்லாம் சரி, ஆனாலும் மயான அமைதி என்றால் மிக்சரிலிருந்து ஆரம்பியுங்கள். ஓ 224 22, ஓ 225 எஃப்எஃப் கொடுத்தால் மாஸ்டர் வால்யூம் முழுசாக ஏறும். 22-க்குப் பதில் 04 டிஜிட்டல் குரல், 26 எஃப்எம். பின்பக்கம் வால்யூம் சக்கரம் உள்ள பழைய கார்டு என்றால் அதைத் திருப்பிப் பார்க்கவும், மற்றதெல்லாம் அப்புறம். ஆம்ப் இல்லாத ஸ்பீக்கரை லைன் அவுட்டில் செருகினால் கொசு ரீங்காரம் போலத்தான் கேட்கும், அது பழுது இல்லை.

அடுத்து பவர். ஐஎஸ்ஏவில் பி9 +12 வோல்ட், பி7 -12, பி5 -5. சில கார்டுகள் ஆம்புக்கு -5ஐ நம்பியிருக்கும். பின்னால் வந்த ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்களில் அந்த வெள்ளை வயரே கிடையாது. பழைய பெட்டிக்குப் புது எஸ்எம்பிஎஸ் போட்ட அன்றிலிருந்து சத்தம் இல்லை என்று யார் சொன்னாலும் முதலில் பி5-ஐ அளந்து பாருங்கள். -12லிருந்து ஒரு 7905 ரெகுலேட்டர் வைத்து -5 எடுத்துவிடலாம்.

ஆம்ப் சிப் பல கார்டுகளில் டிஇஏ2025பி. 16-ஆம் காலில் சப்ளை, 2, 15 இரண்டும் வெளியீடு. சும்மா இருக்கும்போது அந்த இரண்டிலும் சப்ளையில் ஏறக்குறைய பாதி வோல்ட் இருக்க வேண்டும். பூஜ்ஜியமோ முழு சப்ளையோ காட்டினால் சிப் போய்விட்டது. 4558 சிப் இருந்தால் 8, 4 சப்ளை, 1, 7 வெளியீடு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆம்ப் கடையில் இரண்டும் கேட்டுப் பாருங்கள், சாக்கெட்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

வோல்ட் சரி, சத்தம் மெலிசு, பேஸ் இல்லை என்றால் வழியில் இருக்கும் 10 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக்குகள் காய்ந்திருக்கும். 16 வோல்ட் இடத்தில் 25 வோல்ட் போடலாம், மைனஸ் கோடு மட்டும் மாறக் கூடாது. எது என்று கண்டுபிடிக்க, சின்ன ஆம்ப் ஒன்றின் இன்புட்டில் 0.1 மைக்ரோ தொடராக வைத்து, எஃப்எம் பாட்டை ஓடவிட்டு, கெப்பாசிட்டரின் இரு பக்கமும் தொடுங்கள். ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் கேட்காவிட்டால் அதுதான் ஆள்.

டாஸ்வாசி:
சிடியில் இருக்கும் இசை மட்டும் இல்லையென்றால் அது வேறு கேஸ், சார். டிரைவிலிருந்து கார்டுக்கு நாலு கம்பி அனலாக் வயர் போகிறதா பாருங்கள். டிரைவின் பின்னால் வரிசை இடது, கிரவுண்ட், கிரவுண்ட், வலது. எல்லாக் கார்டிலும் அதே வரிசை இல்லை, கிரவுண்ட் எது என்று மல்டிமீட்டரின் பீப் வைத்துப் பார்த்துத்தான் செருக வேண்டும். டிரைவின் முன்பக்க ஹெட்போனில் பாட்டு கேட்டால் டிரைவ் நல்லது. வயரும் சரியென்றால் மிக்சர் 28, எஃப்எஃப் கொடுங்கள். எஸ்பி16 ரீசெட் ஆனதும் சிடி வால்யூம் பூஜ்ஜியத்தில்தான் நிற்கும்.