சிறிய ஆஸ்பத்திரிக்குத் தனி அன்ரிபயோகிராம் எதற்கு?

கண்டி_லேப்:
மலையகத்து ஆதார வைத்தியசாலைகள் ஒவ்வொன்றும் சொந்தமாக அன்ரிபயோகிராம் (எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை சதவீதம் வேலை செய்கிறதென்ற தாள்) போட வேண்டுமென்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வீண் வேலை. சிஎல்எஸ்ஐ எம்39 என்ற ஆய்வுகூட வழிகாட்டியின் முறைப்படி ஓர் இனக் கிருமிக்குக் குறைந்தது 30 ஐசொலேட் (நோயாளர் மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த கிருமி) வேண்டும். அதுவும் ஒரு நோயாளரின் முதலாவது மட்டும். ஈ.கோலையைத் தவிர வேறு எது 30ஐத் தொடும்? 30இல் 24 கிருமிக்கு மருந்து வேலை செய்தால் 80% என்று எழுதுவீர்கள். உண்மை 63க்கும் 90க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். கண்டி, பேராதனை பெரிய ஆஸ்பத்திரிகளின் எண்களே போதும்.

தேயிலைச்சரிவு:
அந்த எண்கள் யாருடையவை, டொக்டர்? ஐசியூவில் கிடப்பவர்கள், கதீற்றர் போட்டவர்கள், எங்கிருந்தோ மாற்றி அனுப்பப்பட்டவர்கள். தோட்டத்திலிருந்து சலக்கடுப்போடு வரும் பெண்ணுக்கு அதைப் பார்த்து எழுதினால் தேவையில்லாமல் மெரோபெனம் போன்ற கடைசிக்கட்ட மருந்து வரை போவோம். எண்ணிக்கை போதாவிட்டால் 2 வருடத்தைச் சேர்க்கலாம், பக்கத்து வைத்தியசாலையோடு கூட்டலாம். எம்39 தடுக்கவில்லை.

கண்டி_லேப்:
அந்தப் பெண்ணின் சிறுநீர் கல்ச்சருக்கு (கிருமி வளர்ப்புச் சோதனைக்கு) எப்போது வருகிறது? டிஸ்பென்சரி மருந்து வேலை செய்யாமல் போன பிறகு. எதிர்ப்புள்ள கிருமிதான் உங்கள் கணக்கில் விழும்.

அகார்தட்டு:
சதவீதத்துக்கு முன், கிருமியைப் பூசி மருந்து டிஸ்க் வைக்கும் தட்டைப் பாருங்கள். அதிலுள்ள வளர்ப்பூடகமான முல்லர்-ஹின்டன் அகார் 4 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். மேசை சமமில்லையென்றால் ஒரு பக்கம் தடிக்கும், அங்கே டிஸ்கைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் சிறுக்கும், இல்லாத எதிர்ப்பு எழுதப்படும். கிருமிக் கரைசல் 0.5 மக்பர்லண்டைவிட (கலங்கல் அளவுகோல்) தடித்தாலும் அதே கதை. கலக்கி 15 நிமிடத்துக்குள் பூச வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டிஸ்க் குப்பியை அறைவெப்பத்துக்கு வருமுன் திறந்தால், நுவரெலியாவின் ஈரக்காற்றில் தண்ணீர் கோத்துவிடும். பீற்றா-லக்டம் (பெனிசிலின் வகை) டிஸ்குகள்தான் முதலில் கெடும். தரச் சோதனைக்கான ஈ.கோலையான ஏடிசிசி 25922க்கு 5 மைக்ரோகிராம் சிப்ரோ (சிப்ரோஃப்ளொக்சசின்) டிஸ்க் 29–38 மி.மீ. வளையம் தர வேண்டும். 26 வந்தால் காரணம் தெரியும்வரை அந்தத் தொகுதியின் சிப்ரோ முடிவு எதுவும் கணக்கில் சேரக்கூடாது. கொலிஸ்டின் என்ற மருந்துக்கு டிஸ்க் முடிவையே எடுக்காதீர்கள்.

தேயிலைச்சரிவு:
சரி. டொக்டர் சொன்ன கோளாறும் உண்மைதான், ஆனால் பெரிய ஆஸ்பத்திரியிலும் அதுவேதான். படிவத்தில் "ஏற்கெனவே மருந்து எடுத்தாரா" என்றொரு பெட்டியும், வெளிநோயாளரா, 48 மணித்தியாலத்துக்கு மேல் வார்டில் இருந்தவரா என்ற பிரிப்பும் இருந்தால் பாதி தெளியும். சிறுநீர் 2 மணித்தியாலத்துக்குள் லேப் சேராதென்றால் 4 பாகையில் வையுங்கள், 24 மணித்தியாலம் தாங்கும்.

கண்டி_லேப்:
முதல் ஐசொலேட்டை எப்படிப் பிடிப்பீர்கள்? ஹூநெட் மென்பொருள் நோயாளர் இலக்கத்தைப் பார்த்துத்தான் இரட்டிப்பைக் கழிக்கும். பீ.எச்.டீ. (வார்டுக் கட்டில் சீட்டு) இலக்கமோ ஒவ்வொரு அனுமதிக்கும் மாறும். திரும்பத் திரும்ப வரும் ஒரே கதீற்றர் நோயாளர் மூன்று பேராகிவிடுவார். எதிர்ப்புச் சதவீதம் தானாக ஏறும்.

அகார்தட்டு:
பீ.எச்.டீ. வேண்டாம். கிளினிக் புத்தகத்து நிரந்தர இலக்கம், இல்லையென்றால் பெயர், பிறந்த வருடம், தோட்டப் பிரிவு மூன்றும். ஒரே பிரிவில் மூன்று லெட்சுமி இருப்பார்கள், பிறந்த வருடம் கட்டாயம்.

கண்டி_லேப்:
அப்படியென்றால் ஈ.கோலை சிறுநீர்த் தாளை மட்டும் போடுங்கள். 30ஐத் தொடாத குளெப்சியெல்லா, சூடோமோனாஸ் கிருமிகளுக்குச் சதவீதம் எழுதாதீர்கள். அதற்கு இன்னமும் எங்கள் தாள்தான்.