எக்ஸ்மூரில் நாயுடன் நடைப்பயணம்

கேள்வி: இங்கிலாந்தின் எக்ஸ்மூர் தேசியப் பூங்காவில் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் ஹெதர் என்னும் குறுஞ்செடி பூக்கும் புதர்வெளியையும் காண, ஜூலையில் எங்கள் நாயுடன் செல்லலாமா?

மறுமொழி 1: தாராளமாகச் செல்லலாம். பார்ல் ஆற்றின் குறுக்கே 17 கண்களுடன் நிற்கும் டார் ஸ்டெப்ஸ் கற்பாலத்திலிருந்து தொடங்குங்கள். வெள்ளம் அடித்துச் செல்லும் பலகைக் கற்களை மீண்டும் அதே இடத்தில் வைப்பதற்காக அவற்றுக்கு எண்ணிட்டிருக்கிறார்கள். அந்த அக்கறை என்னை நெகிழ வைக்கிறது. கரையோரக் காட்டின் நிழல் நாய்க்கும் இதமாக இருக்கும்.

மறுமொழி 2: தரையில் கூடு கட்டும் பறவைகளைக் காக்க, பொது அனுமதியுள்ள திறந்தவெளி நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம், கால்நடைகளுக்கு அருகில் ஆண்டு முழுவதும் அப்படியே. 519 மீட்டர் உயரமுள்ள டங்கரி பீக்கன் குன்றில் ஹெதர் ஆகஸ்டில்தான் நிறைந்து பூக்கும் என்பதால், பயணத்தைச் சற்றுத் தள்ளிவைப்பதே நல்லது.

மறுமொழி 3: திரும்பியதும் நாயின் காதோரத்திலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தவறாமல் பாருங்கள்.