பக்கத்து இருக்கையில் வைத்த பை

ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி என் பெஞ்சை நோக்கி நடந்து வந்தாள். பக்கத்து இடம் காலி. என் பையைத் தூக்கி அங்கே வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். வைக்கச் சொல்லி எங்கள் கூட்டத்துத் தலைவி கண்ணைக்கூட அசைக்கவில்லை; அசைப்பாள் என்று நானே முந்திக்கொண்டேன். வந்தவள் பையை ஒரு நொடி பார்த்துவிட்டு, எதையோ மறந்துவந்தவள் போலத் திரும்பிப் போனாள்.

மகளுக்காக வாங்கிய எலினார் எஸ்டஸின் ‘தி ஹண்ட்ரட் டிரெஸ்ஸஸ்’ (1944) கதையில் அந்தப் பை மறுபடி வந்தது. தினமும் ஒரே வெளிறிய நீல உடையில் வரும் வாண்டா, வீட்டில் நூறு உடைகள் இருப்பதாகச் சொல்லிவிடுகிறாள். பெக்கி அதையே கேட்டுக் கேட்டுச் சீண்டுகிறாள். என்னைப் பிடித்துக்கொண்டவள் பெக்கியல்ல, பக்கத்தில் வாய்மூடி நிற்கும் மேடி. அவளும் ஏழை, பெக்கி உடுத்திக் கழித்ததை உடுத்துகிறவள். வாய் திறந்தால் அடுத்தது தன் உடைதான் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் வாண்டாவைத் தேடிப் போனால் வீடு காலி. வாசித்துக் காட்டிக்கொண்டிருந்த நான் இருமுவது போலச் சமாளித்தேன்.

*

தோழி, பையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு திங்கட்கிழமை யாருமே என்னோடு பேசவில்லை. சிறுவயதில் கா விட்டால்கூடக் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் விடுவோம். இதில் அதுவும் இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில், நான் செய்திருக்கக்கூடிய தவறுகளைப் பட்டியல் போட்டேன். பதினொன்று வந்தன.

லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’ (1999) நாவலில், விருந்துக்குப் போலீஸை வரவழைத்தவள் என்று மெலிண்டாவைப் பள்ளியே ஒதுக்குகிறது. ஏன் அழைத்தாள் என்று கேட்க ஆளில்லை. எனக்கு அதிகம் வலித்தது ஹெதர் வரும் இடம். புதிதாகச் சேர்ந்தவள், வேறு துணை கிடைக்கும்வரை மெலிண்டாவோடு ஒட்டிக்கொள்கிறாள். மதிப்பான கூட்டம் ஒன்று கிடைத்ததும் நட்பை மிக நாகரிகமாக முறித்துக்கொள்கிறாள். அந்த நாகரிகம் இருக்கிறதே! கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

ஒரு குறை சொல்லவேண்டும். இந்த வகைக் கதைகள் பலவற்றில் கொடுமைக்காரிக்கு வீட்டில் ஒரு சோகத்தை வைத்துவிடுகிறார்கள். என்னை ஒதுக்கியவள் நன்றாகத்தான் இருந்தாள்.

*

உங்கள் இருவர் எழுதியதையும் படித்தேன். நான் பள்ளி நூலகத்தில் வேலை செய்கிறேன். சோகம் வைக்காத கதை வேண்டுமென்றால் ஜூடி ப்ளூமின் ‘ப்ளப்பர்’ (1974) இருக்கிறது. சற்றுச் சிறிய பிள்ளைகள், ஐந்தாம் வகுப்பு. திமிங்கிலத்தைப் பற்றி வகுப்பில் பேசிய லிண்டாவுக்கு அதன் கொழுப்பே, ‘ப்ளப்பர்’ என்று, பட்டப்பெயராகிவிடுகிறது. கதை சொல்லும் ஜில்லும் சீண்டுகிறவள்தான். பிறகு அவளே அகப்பட்டுக்கொள்ளும்போது லிண்டா எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துகொள்கிறாள்! கொடுமை செய்தவர்களைக் கதை தண்டிக்கவில்லை என்று பெரியவர்கள் பலர் கோபப்பட்ட புத்தகம். திருப்பிக் கொடுத்த மாணவி ஒருத்தி, “இதில் டீச்சருக்கு ஒன்றுமே தெரியவில்லையே, மிஸ்” என்றாள். குறையாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். “சரியாக எழுதியிருக்கிறார்கள்” என்று முடித்தாள்.

*

பதினொன்று எழுதிய தோழிக்கு, பை வைத்தவள் மீண்டும். உங்கள் பட்டியலைப் படித்ததிலிருந்து, நாங்கள் அவளை ஏன் ஒதுக்கினோம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அப்போதும் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.